வங்கி வீழ்ச்சிகளும் அரசின் செயலின்மையும் (1906–1961)

இருபதாம் நூற்றாண்டின் முதல் அறுபது ஆண்டுகளில் தென்னிந்தியா மூன்று பெரிய வங்கி வீழ்ச்சிகளைக் கண்டது. 1906இல் சென்னையின் அர்பத்நாட் நிறுவனம், 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி, 1960இல் பாலாய் சென்ட்ரல் வங்கி ஆகியவை அடுத்தடுத்து மூடப்பட்டன. இடையில் 1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் கிராமப்புறக் கடன் அமைப்பையே குலைத்தது. ஒவ்வொரு முறையும் என்ன செய்ய வேண்டும் என்பது பேசப்பட்டது. விசாரணைக் குழுக்கள் அமைந்தன, மசோதாக்கள் எழுதப்பட்டன. ஆயினும் வங்கிகளுக்கென்று முழுமையான சட்டம் 1949 வரை வரவில்லை. சிறு சேமிப்பாளரின் பணத்துக்குக் காப்பீடு 1962 வரை கிடைக்கவில்லை. இந்தத் தாமதத்தின் வரலாற்றையும் காரணங்களையும், தூத்துக்குடி, விளாத்திகுளம் வட்டாரத்தின் பின்னணியோடு இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி: துறைமுகமும் கரிசல் காடும்

விளாத்திகுளம் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் வடகிழக்கில், வைப்பாற்றுப் பகுதியில் அமைந்த ஊர். சுற்றிலும் மானாவாரிக் கரிசல் நிலம். பருத்தி, கம்பு, சோளம், மிளகாய், மல்லி ஆகியவை இங்கு விளைபவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரிசல் நிலத்துப் பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடுகளுக்குச் சென்றது. தூத்துக்குடியில் பஞ்சுப் பொதி கட்டும் ஆலைகளும் ஹார்வி நிறுவனத்தின் நூற்பாலையும் இயங்கின.

இந்த வணிகத்தின் கடன் சங்கிலி நீளமானது. விதைப்புக்கு உள்ளூர் வட்டிக்காரரும் தரகு மண்டிக்காரரும் முன்பணம் கொடுத்தனர். அவர்களுக்குத் துறைமுக வணிகர் பணம் கொடுத்தார். துறைமுக வணிகருக்கு மெட்ராஸ் வங்கியின் தூத்துக்குடிக் கிளை போன்றவை கடன் கொடுத்தன. மாகாண வங்கியான மெட்ராஸ் வங்கி ஐரோப்பிய நிறுவனங்களையே பெரும்பாலும் நாடியது. மேல் கண்ணி இறுகினால், கடைசிக் கண்ணியான கரிசல் விவசாயிக்குத்தான் முதலில் கடன் நின்றது.

இதே கரையில் முத்துக்குளிப்பு அரசின் ஏகபோகமாக இருந்தது. எடுக்கப்பட்ட சிப்பிகளை அரசு அதிகாரிகள் எண்ணி, மூன்றில் இரண்டு பங்கை அரசுக்கு ஒதுக்கி ஏலம் விட்டனர். மீதி ஒரு பங்கு குளியாளிகளுக்கு. கடலுக்கடியில் கிடந்த சிப்பியைக் கணக்கிடும் ஏற்பாடு வைத்திருந்த அரசிடம், வங்கிகளில் மக்கள் போட்டிருந்த பணத்தைக் கணக்குக் கேட்கும் ஏற்பாடு இருக்கவில்லை.

அர்பத்நாட் வீழ்ச்சி (1906)

அர்பத்நாட், பாரி, பின்னி ஆகிய மூன்றும் சென்னையின் பெரும் ஆங்கிலேய வணிக நிறுவனங்கள். அர்பத்நாட் நிறுவனம் வணிகத்தோடு வங்கித் தொழிலையும் நடத்தியது. ஓய்வூதியம் பெற்ற அலுவலர்கள், விதவைகள், வழக்கறிஞர்கள், சிறு நிலக்கிழார்கள் எனப் பல தரப்பினர் அதில் பணம் வைத்திருந்தனர். 1906 அக்டோபர் 22 அன்று நிறுவனம் பணம் கொடுப்பதை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு முடங்கியது.

விசாரணையில் தெரியவந்த உண்மை எளியது. நிறுவனம் நெடுநாளாகவே நொடித்த நிலையில் இருந்தது. புதிய வைப்புகளைக் கொண்டு பழைய கடன்களைச் சமாளித்து வந்தது. அது கூட்டாளிகள் நடத்திய தனியார் நிறுவனம் என்பதால் கணக்கை வெளியிட வேண்டிய கடமை அதற்கு இல்லை. நிறுவனத் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு நீதிமன்றம் 18 மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. லண்டன் கூட்டாளியான பாட்ரிக் மக்பதியன் தற்கொலை செய்துகொண்டார்.

குற்றவாளி தண்டிக்கப்பட்டார், ஆனால் குற்றத்துக்கு இடம் கொடுத்த சட்ட ஓட்டை அப்படியே இருந்தது. 1909இல் மாகாணத் தலைநகரங்களுக்கான திவால் சட்டம் வந்தது. அது நொடித்தவரின் சொத்தைக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையைச் சீர்செய்தது. பொதுமக்களிடம் பணம் வாங்கும் நிறுவனம் எவ்வளவு ரொக்கம் கையில் வைத்திருக்க வேண்டும், யார் அதன் ஏட்டைப் பார்க்க வேண்டும் என்பது பற்றி அச்சட்டம் பேசவில்லை.

மாற்று மக்களிடமிருந்து வந்தது. கடன்காரர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பதிவாகி, அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கியது.

அர்பத்நாட் மூடிய அதே அக்டோபர் மாதத்தில்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். சுதேசி இயக்கத்தை அடக்குவதில் அரசு தயங்கவில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார், ஜூலையில் தண்டனை வழங்கப்பட்டது. தொழிலில் தலையிடுவதில்லை என்ற கொள்கை எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்பதற்கு இந்த இரு நிகழ்வுகளும் அருகருகே நிற்கும் சான்றுகள்.

1913 முதல் 1923 வரை

சுதேசி உணர்ச்சியில் பிறந்த பல சிறு வங்கிகள் போதிய மூலதனம் இன்றி இயங்கின. 1913 செப்டம்பரில் லாகூரின் பீப்பிள்ஸ் வங்கியும், அவ்வாண்டின் இறுதியில் பம்பாயின் இந்தியன் ஸ்பீசி வங்கியும் மூடப்பட்டன. 1913 முதல் 1917 வரை எண்பதுக்கும் மேற்பட்ட வங்கிகள் வீழ்ந்தன. நெருக்கடியில் பிற வங்கிகளுக்குக் கடன் தந்து காக்கும் மத்திய வங்கி எதுவும் நாட்டில் இல்லை. இந்திய நாணயம் பற்றி ஆராய்ந்த சேம்பர்லின் ஆணையத்துக்காக, பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் 1913இல் அரசு வங்கி ஒன்றுக்கான திட்டத்தை எழுதிக் கொடுத்திருந்தார். அத்திட்டம் கிடப்பில் போடப்பட்டது.

1923இல் ஆங்கிலேயர் நிர்வகித்த சிம்லா அலையன்ஸ் வங்கி வீழ்ந்தபோது காட்சி மாறியது. அரசின் ஏற்பாட்டால் இம்பீரியல் வங்கி முன்வந்து, வைப்பாளர்களுக்குச் சேர வேண்டியதில் பாதியை உடனே கொடுத்தது. சுதேசி வங்கிகளின் வைப்பாளர்களுக்குப் பத்தாண்டுகளுக்கு முன் இந்த உதவி கிடைக்கவில்லை. அரசால் செயல்பட முடியும், யாருக்காகச் செயல்படுவது என்பதே கேள்வி என்ற குற்றச்சாட்டுக்கு இது இடம் தந்தது.

தூத்துக்குடியின் வழி: நாடார் வங்கி

இந்தச் சூழலில் தூத்துக்குடி வணிகர்கள் தங்களுக்கென ஒரு வங்கியை உருவாக்கினர். நாடார் சமூகத்தில் மகமை என்ற பழைய வழக்கம் உண்டு. பேட்டைக்கு வரும் சரக்கின் மீது சிறு தொகை பிடித்துப் பொதுநிதியில் சேர்ப்பார்கள். உறவின்முறை அந்த நிதியை நிர்வகித்துக் கணக்குச் சொல்லும். கிணறு, பள்ளிக்கூடம், கோயில் எனப் பொதுக் காரியங்கள் இதிலிருந்து நடந்தன.

1920இல் தூத்துக்குடியில் கூடிய நாடார் மகாஜன சங்க மாநாட்டில் வங்கி தொடங்கும் முடிவு எடுக்கப்பட்டது. 1921 மே மாதம் நாடார் வங்கி பதிவானது. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது.

சென்னையில் இந்தியன் வங்கியும் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் அரசு செய்யாததைச் சமூகம் செய்துகொண்டதன் எடுத்துக்காட்டுகள். ஆனால் இந்த வழிக்கு எல்லையும் உண்டு. அமைப்பும் வணிகமும் உள்ள சமூகங்கள் வங்கி தொடங்கலாம். விளாத்திகுளம் பக்கத்துக் குத்தகை விவசாயியோ, குளியாளியோ, உப்பளத் தொழிலாளியோ தமக்கென வங்கி தொடங்க முடியாது. எல்லோருக்கும் பொதுவான காப்பை அரசு மட்டுமே தர முடியும்.

பெருமந்தமும் கிராமக் கடனும்

1929க்குப் பின் விளைபொருள் விலை சரிந்தது. பருத்தி விலை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆனால் நிலவரி, குத்தகை, பழைய கடனின் வட்டி எல்லாம் பணத்தில் நிர்ணயிக்கப்பட்டவை. முன்பு ஒரு பொதி பருத்தி விற்று அடைத்த கடனுக்கு இப்போது இரண்டு பொதி தேவைப்பட்டது. கடன் கொடுத்தவர் வசூல் ஆகாமல் முடங்கினார். புதிய கடன் நின்றது.

இந்திய அரசின் கையில் இருந்த முக்கியக் கருவி நாணய மாற்று விகிதம். ஹில்டன் யங் ஆணையத்தின் 1926ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி ரூபாயின் மதிப்பு 18 பென்ஸ் என 1927இல் சட்டமானது. 16 பென்ஸ் போதும் என்று ஆணைய உறுப்பினர் புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் மாற்றுக் கருத்து எழுதினார். ரூபாயின் மதிப்பு உயர்ந்தால் ஏற்றுமதி விவசாயிக்குக் கிடைக்கும் ரூபாய் குறையும் என்பது அவர் தரப்பு வாதம். மந்தம் கடுமையானபோதும் விகிதம் மாறவில்லை. 1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தங்க அளவையைக் கைவிட்டது. ரூபாய் அதே 18 பென்ஸ் விகிதத்தில் ஸ்டெர்லிங்குடன் கட்டப்பட்டது. ஸ்டெர்லிங் கணக்கில் தங்க விலை ஏறவே, கடன்பட்ட குடும்பங்கள் நகைகளை விற்றன. அந்தத் தங்கம் கப்பல் கப்பலாக வெளியேறியது. ஏற்றுமதியைத் தடுக்க வேண்டும் என்ற இந்தியத் தலைவர்களின் கோரிக்கையை அரசு ஏற்கவில்லை. இந்தியா லண்டனுக்குச் செலுத்த வேண்டிய பாக்கிகளுக்கு அந்தத் தங்கம் உதவியது.

சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழு 1930இல் மாகாணத்தின் கிராமக் கடனைச் சுமார் 150 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 1935இல் சத்தியநாதன் அறிக்கை அதைச் சுமார் 200 கோடி என்றது. நோயின் அளவு அரசின் சொந்த அறிக்கைகளிலேயே இருந்தது. கடன் நிவாரணம் வந்தது 1938இல்தான். தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்த இராஜாஜி அமைச்சரவை சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றியது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் நிலுவை வட்டி தள்ளுபடியானது. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியவரின் கடன் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. விலைச் சரிவுக்கும் நிவாரணத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகள் போய்விட்டன. அதற்குள் நிலத்தை இழந்தவருக்குச் சட்டம் நிலத்தைத் திருப்பித் தரவில்லை.

அமெரிக்காவிலும் இதுபோன்ற தேக்கம் நிகழ்ந்தது. 1930 முதல் 1933 வரை அங்கு ஏறத்தாழ 9,000 வங்கிகள் வீழ்ந்தன. தேர்தலில் தோற்ற ஹூவரும் வென்ற ரூஸ்வெல்ட்டும் பதவி மாறும் வரையான நான்கு மாதங்களில் இணைந்து முடிவெடுக்கவில்லை. அந்த இடைவெளியில் நெருக்கடி முற்றியது. ஆனால் பதவியேற்ற இரண்டாம் நாளே, 1933 மார்ச் 6 அன்று, ரூஸ்வெல்ட் எல்லா வங்கிகளையும் தற்காலிகமாக மூடிச் சோதனைக்கு உட்படுத்தினார். அதே ஆண்டு வைப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அங்கே வாக்காளர்கள் அரசை மாற்ற முடிந்தது. இந்தியாவில் நாணயக் கொள்கையைத் தீர்மானித்தவர்களை இந்தியர் மாற்ற வழியில்லை.

திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி (1938)

ரிசர்வ் வங்கிக்கான பரிந்துரை 1926இல் வந்தது. 1927இல் கொண்டுவரப்பட்ட மசோதா, அது பங்குதாரர் வங்கியாக இருப்பதா அரசு வங்கியாக இருப்பதா என்ற தகராறில் கைவிடப்பட்டது. 1934இல் சட்டம் நிறைவேறி, 1935 ஏப்ரல் 1 அன்று ரிசர்வ் வங்கி செயல்படத் தொடங்கியது. 1936ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத் திருத்தம் முதன்முறையாக வங்கி நிறுவனங்களுக்கெனத் தனி விதிகளைச் சேர்த்தது. குறைந்தபட்ச மூலதனம் 50,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. ஆனால் ஒரு வங்கியைத் தானாகச் சென்று தணிக்கை செய்யும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு இல்லை.

கே. சி. மாம்மன் மாப்பிள்ளையின் திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் சி. பி. மாத்தனின் குயிலான் வங்கியும் 1937இல் இணைந்தன. திருவிதாங்கூரில் வேரூன்றிய அவ்வங்கிக்குப் பிரித்தானிய இந்தியாவிலும் கிளைகள் இருந்தன. 1938இல் வைப்பாளர்கள் பணத்தை எடுக்க முண்டியடித்தனர். ரிசர்வ் வங்கியிடமிருந்து கேட்ட உதவி கிடைக்காமல், ஜூன் 21 அன்று வங்கி கதவை மூடியது. சென்னை உயர் நீதிமன்றம் கலைப்புக்கு உத்தரவிட்டது.

வீழ்ச்சிக்கான காரணம் பற்றி இரு கருத்துகள் உள்ளன. மாம்மன் மாப்பிள்ளை மலையாள மனோரமா நாளிதழின் ஆசிரியர். திவான் சி. பி. ராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்த அரசியலுக்கு ஆதரவாளர். எனவே இது அரசியல் பழிவாங்கல் என்பது ஒரு கருத்து. வங்கியின் கடன்களும் கையிருப்பும் ஏற்கெனவே பலவீனமாக இருந்தன, வதந்தி அதை வெளிக்கொண்டு வந்தது என்பது மற்றொன்று. மனோரமா இதழ் செப்டம்பரில் முடக்கப்பட்டது. அக்டோபரில் வங்கி நிர்வாகிகள் சென்னையில் கைதாகித் திருவனந்தபுரம் கொண்டு செல்லப்பட்டனர். எந்தக் கருத்து சரியாயினும் ஒன்று உறுதி: சமஸ்தானம், மாகாண அரசு, இந்திய அரசு, ரிசர்வ் வங்கி என நான்கு அதிகார மையங்கள் இருந்தும், வைப்பாளரைக் காக்கும் பொறுப்பு சட்டப்படி எவருக்கும் இல்லை.

போரும் தள்ளிவைப்பும்

இவ்வீழ்ச்சிக்குப் பின் ரிசர்வ் வங்கி ஆளுநர் ஜேம்ஸ் டெய்லர் 1939இல் தனி வங்கிச் சட்டத்துக்கான முன்மொழிவை அனுப்பினார். உலகப் போரைக் காரணம் காட்டி அரசு அதைத் தள்ளி வைத்தது. போர்க்காலப் பணப்பெருக்கத்தில் புதிய வங்கிகளும் கிளைகளும் மளமளவென முளைத்தன. 1944இல் மசோதா வந்து, சட்டசபை கலைந்ததால் காலாவதியானது. 1946இல் மீண்டும் வந்தது. நிறைவேறி நடைமுறைக்கு வந்தது 1949 மார்ச் 16 அன்று. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வங்காளத்தில் பல வங்கிகள் வீழ்ந்திருந்தன.

பாலாய் சென்ட்ரல் வங்கி (1960)

இம்முறை சட்டம் இருந்தது. ரிசர்வ் வங்கி 1950களின் தொடக்கத்திலிருந்தே கேரளத்தின் பெரிய வங்கியான பாலாய் சென்ட்ரல் வங்கியின் குறைகளை ஆய்வுகளில் கண்டறிந்திருந்தது. திடீர் நடவடிக்கை பீதியைக் கிளப்பும் என்ற அச்சத்தில் திருந்துவதற்குத் தவணை மேல் தவணை கொடுக்கப்பட்டது. 1960 ஆகஸ்ட் 8 அன்று ரிசர்வ் வங்கியின் மனுவின்பேரில் வங்கி மூடப்பட்டது. குறைகளை அறியாத வைப்பாளர்கள் அந்த ஆண்டுகளிலெல்லாம் பணம் போட்டுக்கொண்டே இருந்தனர்.

நாடாளுமன்றத்தில் எழுந்த கண்டனத்துக்குப் பின் அரசு விரைந்தது. நலிந்த வங்கிகளைக் கட்டாயமாக இணைக்கும் அதிகாரம் 1960இலேயே சட்டமானது. 1961இல் வைப்புக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறி, 1962 ஜனவரி 1 முதல் ஒரு வைப்பாளருக்கு 1,500 ரூபாய் வரை காப்பு கிடைத்தது.

செயலின்மையின் காரணங்கள்

இந்த வரலாற்றில் செயலின்மைக்கு ஐந்து காரணங்கள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன.

முதலாவது, தொழிலில் அரசு தலையிடக் கூடாது என்ற கொள்கை. இரண்டாவது, பொறுப்பு பல அதிகாரங்களுக்கிடையே சிதறிக் கிடந்தது. மூன்றாவது, நடவடிக்கை எடுத்தால் பீதி பரவும் என்ற அச்சம். நான்காவது, புதிய அமைப்பு யார் கையில் இருப்பது என்ற தகராறு. ஐந்தாவது, இழந்தவர்கள் ஊர் ஊராகச் சிதறிய சிறு சேமிப்பாளர்கள், அவர்களுக்கு ஒன்றுபட்ட அரசியல் குரல் இல்லை.

உதவாமல் இருப்பதற்கு நியாயமான வாதமும் உண்டு. நொடித்துப்போன வங்கிக்குப் பொதுப்பணத்தைக் கொடுத்தால் தவறு செய்தவரே பயனடைவார், மற்ற வங்கிகளும் கவனக்குறைவாகும் என்பது மத்திய வங்கிகளின் பழைய கொள்கை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வாதம் வங்கி முதலாளிக்குப் பொருந்துமே தவிர, ஏட்டைப் பார்க்க உரிமையற்ற வைப்பாளருக்குப் பொருந்தாது. வைப்புக் காப்பீடு இந்த இரண்டையும் பிரித்தது. அதன் மூலம் வங்கியை வீழ விட்டு, சிறு வைப்பாளரைக் காக்க முடிந்தது.

மதிப்பீடு

1906இல் தெரிந்த ஓட்டையை அடைக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த இடைவெளியில் எடுக்கப்படாத ஒவ்வொரு முடிவின் செலவையும் யாரோ ஒருவர் ஏற்றார். அவர் பெரும்பாலும் முடிவெடுக்கும் இடத்தில் இல்லாதவர்.

இத்தாமதம் பழங்கதையாக முடியவில்லை. காப்பீட்டு வரம்பு 1993இல் 1 இலட்சம் ரூபாயானது. விலைவாசி பல மடங்கு ஏறியும் 27 ஆண்டுகள் அது மாறவில்லை. 2019இல் மும்பையின் பஞ்சாப் மற்றும் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி முடக்கப்பட்டு, வைப்பாளர்கள் தெருவில் இறங்கிய பிறகே, 2020 பிப்ரவரியில் 5 இலட்சமாக உயர்ந்தது. இந்திய வங்கிப் பாதுகாப்பின் பெரும்பாலான படிகள் இப்படி ஒரு வீழ்ச்சிக்குப் பின்னரே கட்டப்பட்டவை. இன்று விளாத்திகுளத்தில் மிளகாய் விற்ற பணத்தை ஒருவர் நம்பிக்கையோடு வங்கியில் போட முடிகிறது. அந்த நம்பிக்கைக்கான விலையை அர்பத்நாட், குயிலான், பாலாய் வைப்பாளர்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.